அந்து

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

வண்ணத்துப்பூச்சியைப் பாடாத கவிஞர் இல்லை. விளக்கில் விழும் விட்டிலை உவமை காட்டாத மேடைப் பேச்சாளரும் இல்லை. ஆனால் நெல் மூட்டையை அவிழ்த்ததும் முகத்தில் மோதிப் பறக்கிறதே, அந்தச் சின்னஞ்சிறு அந்துப்பூச்சி, அதைப் பற்றி நாலு வரி எழுத யாருக்கும் மனம் வருவதில்லை. அதைக் கண்டதும் நாம் செய்வதெல்லாம் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத் தட்டுவதுதான். கையில் ஒரு சிட்டிகை வைக்கோல் நிறப் பொடி ஒட்டும். புடவைத் தலைப்பிலோ வேட்டியிலோ துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

விலங்கியல் படிக்க வந்த பிறகு எனக்கு அந்தப் பொடியின்மேல் ஒரு பற்று உண்டாயிற்று. அதற்கு அறிவு ஆர்வம் ஒரு காரணம். எங்கள் வீட்டில் நெடுநாளாகத் தீராமல் கிடந்த ஒரு வழக்கு இன்னொரு காரணம். வழக்கைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பூச்சியைப் பார்ப்போம்.

உருவம்

உட்கார்ந்திருக்கும்போது இதன் நீளம் ஒரு நெல்மணி அளவுக்குத்தான் வரும். சிறகுகளை விரித்து அளந்தால் ஒன்றேகால் அல்லது ஒன்றரை சென்டிமீட்டர். முன்சிறகு காய்ந்த வைக்கோலின் நிறம், சற்றே மினுமினுப்பு உடையது. சிலவற்றில் ஓரிரு கரும்புள்ளிகள் காணலாம். நெற்குவியலின்மேல் உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. நெல்லோடு நெல்லாக வாழ்வதற்கு இதைவிடப் பொருத்தமான உடை வேறு ஏது?

இதன் சிறப்பு முன்சிறகில் இல்லை, பின்சிறகில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்து உருப்பெருக்கியின் கீழே ஒரு பின்சிறகை விரித்து வைத்துப் பார்த்தபோது, இது சிறகா அல்லது மயிற்பீலியின் துண்டா என்று வியந்தேன். சாம்பல் நிறச் சிறகின் நுனி திடீரென்று குறுகி, சுட்டுவிரலை நீட்டியதுபோல் கூர்மையாக முடிகிறது. அதன் ஓரம் நெடுக மெல்லிய மயிர்க்குஞ்சம். குஞ்சத்தின் நீளம் சிறகின் அகலத்தைவிட அதிகம். உடல் மிகச் சிறிதாகிவிட்டால் அகன்ற சிறகு தேவையில்லை. மயிர் வரிசையே காற்றைத் தள்ளப் போதும் போலும்!

தலையைப் பார்த்தால் இரண்டு கொம்புகள் வளைந்து மேலே எழும்பி நிற்கின்றன. இவை உணர்கொம்புகள் அல்ல, வாயின் இருபுறமும் உள்ள உதட்டுத் துடுப்புகள். மாட்டுக் கொம்புபோல் வளைந்து, நெற்றியையும் தாண்டிக் கூராக முடிகின்றன. நடுவே உறிஞ்சுகுழல் இருக்கிறது. ஆனால் வளர்ந்த அந்து எதையும் தின்று நான் பார்த்ததில்லை. நூல்களும் அவ்வாறே கூறுகின்றன. அது தின்ன வேண்டியதையெல்லாம் புழுப்பருவத்திலேயே தின்று முடித்துவிடுகிறது. பறக்கும் பருவத்தில் அதற்கு மிஞ்சியிருப்பது ஏறத்தாழ ஒரு வாரமும், இணை தேடி முட்டையிடும் கடமையும்தான்.

வாழ்க்கை

தாய் அந்து தானியத்தின்மேல் வெள்ளை முட்டைகளை இடுகிறது. சில நாட்களில் அவை செந்நிறமாகின்றன. பொரிக்கும் புழு தலைமயிர்போல் மெல்லியது. நெல்லின் உமி இரண்டும் சேரும் இடத்தில் இடுக்கு இருந்தால் அது உள்ளே நுழைந்துவிடும். உமி இறுக மூடிய மணியில் நுழைவது கடினம். உள்ளே போன புழுவுக்கு அந்த ஒரே மணிதான் வீடு, அதுவேதான் சோறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நல்ல நெல்லாகவே தோன்றும்.

கூட்டுப்புழு ஆவதற்கு முன் அது ஒரு வேலை செய்கிறது. அதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை. புழுவுக்கு வலிய தாடை உண்டு. பூச்சிக்கோ கடிக்க வாய் கிடையாது. ஆகவே புழு தன் கடைசி நாட்களில் மணியின் ஓரம் வரை வழி குடைந்து, மேல்தோலை மட்டும் வட்டமாக, மெல்லிய மூடிபோல் விட்டுவைக்கிறது. பின்னால் பிறக்கப்போகும் பூச்சி அந்த மூடியைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு வெளியேறும். தனக்கு வரப்போகும் இயலாமையை முன்கூட்டியே அறிந்து கதவு செய்து வைப்பதுபோல அல்லவா இது இருக்கிறது! வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பூச்சி வரை எல்லாம் ஏறத்தாழ ஐந்து வாரத்தில் முடிந்துவிடும்.

பெயரும் பிரெஞ்சு உறவும்

இதன் அறிவியல் பெயர் சைட்டோட்ரோகா சீரியலெல்லா. கேட்பதற்குப் பயமுறுத்தும் பெயர்தான். பிரித்துப் பார்த்தால் எளிது. சைட்டோஸ் என்றால் கிரேக்க மொழியில் தானியம். ட்ரோகோ என்றால் கொறிப்பது. சீரிஸ் ரோமானியரின் விளைச்சல் தெய்வம். அந்தத் தெய்வத்தின் பெயரிலிருந்தே சீரியல் என்ற சொல் வந்தது. ஆக, தானியம் கொறிப்பது, தானியத்துக்கு உரியது என்பதே பொருள். கடைசியில் வரும் "எல்லா"வுக்கும் ஒரு கதை உண்டு. 1758-ல் லின்னேயஸ் தம் நூலில் அந்துப்பூச்சிகளைப் பல பிரிவுகளாக வகுத்தபோது, மிகச் சிறியவற்றின் பெயர்களை "எல்லா" என்று முடித்தார். ஊர்ப்பெயரின் ஈற்றைப் பார்த்து அது பட்டியா பாக்கமா என்று நாம் அறிவதுபோல, இந்த ஈற்றைப் பார்த்தே பூச்சி நூலார் இது சிற்றந்து என்று அறிவார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு ஆங்கூமுவா தானிய அந்து என்று பெயர். ஆங்கூமுவா என்பது பிரான்சின் மேற்கில், ஆங்கூலேம் நகரைச் சுற்றியுள்ள பழைய மாநிலம். புதுச்சேரிக்காரர்களாகிய நமக்கு இந்தப் பெயர் ஓர் ஆர்வத்தைத் தரவேண்டும்.

வெப்பமானியால் புகழ்பெற்ற ரெயோமூர் பூச்சிகளையும் ஆராய்ந்தவர். தம் பூச்சி வரலாற்றின் 1736-ஆம் ஆண்டுத் தொகுதியில் அவர் இந்த அந்தைப் பற்றி எழுதினார். பிறகு ஆங்கூமுவாவில் இது கோதுமையை அழித்துக் குடியானவர்களைக் கதறவைத்தது. 1760-ல் பாரிஸ் அறிவியல் கழகம் துய்யாமெல் து மோன்சோ, தியே என்னும் இரு அறிஞர்களை அங்கே அனுப்பியது. அவர்கள் வயலுக்கும் களஞ்சியத்துக்கும் நடந்து, பூச்சியின் பிறப்பு வளர்ப்பை ஆராய்ந்து, 1762-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். தானியத்தை அடுப்பில் சூடேற்றி உள்ளிருக்கும் புழுவைக் கொல்லும் முறையையும் அதில் விளக்கினார்கள்.

அந்த ஆண்டுகளில் நம் ஊர் எப்படி இருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். 1760-ல் ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தது. தானியம் இல்லை. ஆளுநர் லாலி ஊர் மக்களில் பலரைக் கோட்டைக்கு வெளியே அனுப்பினார். 1761 ஜனவரியில் நகரம் வீழ்ந்தது. அதே மாதத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையும் காலமானார். ஒரே அரசரின் ஆட்சியில், ஒருபுறம் தானியத்தைத் தின்ற பூச்சிக்கு அறிஞர்கள் போனார்கள், மறுபுறம் தானியமே இல்லாமல் மக்கள் வாடினார்கள்.

முறைப்படி இதற்குப் பெயரிட்டவர் ஒலிவியே என்ற பிரெஞ்சுக்காரர், 1789-ல். பாரிசில் புரட்சி வெடித்த ஆண்டு அது. அவர் இதை அலுசிட்டா என்ற பேரினத்தில் வைத்தார். அது நிலைக்கவில்லை. 1870-ல் ஹைன்மன் என்ற ஜெர்மானியர் சைட்டோட்ரோகா என்னும் தனிப் பேரினத்தை அமைத்தார். ஆகவே இன்று பெயரை எழுதும்போது ஒலிவியே, 1789 என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதுகிறோம். முதலில் பெயரிட்டவர் வைத்த பேரினம் மாறிவிட்டது என்பதற்கு அந்த அடைப்புக்குறியே அடையாளம். தேர்வில் அதை விட்டால் மதிப்பெண் குறைவது ஏன் என்று இப்போது எனக்குப் புரிகிறது!

சுற்றமும் அயலும்

இது சார்ந்த குடும்பம் ஜெலிக்கிடே. 4,500-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள பெருங்குடும்பம். பருத்திக் காயைக் குடையும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, உருளைக்கிழங்கைக் குடையும் அந்து, 2014-ல் இந்தியாவில் கண்டறியப்பட்ட தக்காளி ஊசிப்புழு எல்லாம் இதன் சுற்றத்தாரே. அவற்றுள் பருத்திப் பூச்சியே மிக நெருங்கிய உறவு. 1843-ல் அதற்குப் பெயரிட்டது நம் நாட்டுப் பருத்தியிலிருந்து கிடைத்த பூச்சிகளைக் கொண்டுதான். ஒருத்தி நெல்லுக்குள், ஒருத்தி பருத்திக்குள். குடைந்து வாழ்வது குலத்தொழில் போலும்.

ஆனால் வீட்டில் நாம் அந்து என்று ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் ஒரே பூச்சி அல்ல. அரிசிப் பானையில், ரவையில், நொய்யில் நூலாம்படைபோல் இழை கட்டி, மணிகளைக் கொத்தாகச் சேர்த்துவைக்கிறதே, அது வேறு. அதன் பெயர் கார்சைரா செபலோனிகா. கார்சைரா, செபலோனியா இரண்டும் கிரேக்கத் தீவுகளின் பெயர்கள். நம் அரிசிப் பானைக்காரிக்கு இரண்டு கிரேக்கத் தீவுகளின் பெயர்! இது சற்றுப் பெரியது, சாம்பல் கலந்த பழுப்பு நிறம், பின்சிறகில் விரல்நுனி கிடையாது. குடும்பமும் வேறு, பைராலிடே. துணி அரிக்கும் அந்து மூன்றாவது குடும்பம். அதற்குத் தலைமயிர் பரட்டையாக இருக்கும். நெல் அந்துக்கோ எண்ணெய் தடவி வாரிவிட்டதுபோல் வழவழப்பான தலை. அரிசியில் ஊரும் மூக்கு வண்டு அந்தே அல்ல, அது வண்டினம்.

தொல்காப்பியத்து மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்து, நண்டையும் தும்பியையும் நான்கறிவு உடையன என்று கூறுவதைத் தமிழ் வகுப்பில் படித்தோம். ஐந்தாவது அறிவு செவி. பைராலிடே குடும்பத்து அந்துக்களுக்கு வயிற்றின் அடியில் செவிப்பறை உண்டு என்று விலங்கியல் வகுப்பில் படித்தேன். நெல் அந்துக்கு அத்தகைய செவி இல்லை. ஆகவே அந்தப் பழைய கணக்கின்படி பார்த்தால், ஒரே சமையலறையில் பறக்கும் இரண்டு அந்துக்களில் ஒன்று நான்கறிவு, மற்றொன்று ஐந்தறிவு! இலக்கணமும் உருப்பெருக்கியும் இப்படி ஒன்றையொன்று சந்திக்கும்போது மனத்துக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகிறது.

வழக்கு

இனி எங்கள் வீட்டு வழக்குக்கு வருகிறேன். பாகூர்ப் பக்கம் எங்கள் ஆயா இருக்கிறார். தாத்தா இளவயதிலேயே காலமாகிவிட்டார். விதைநெல்லைக் காயவைத்துக் குதிரில் கொட்டி, வேப்பிலையும் நொச்சியும் போட்டு மூடி, அடுத்த பட்டத்துக்குக் காப்பது ஆயாவின் வேலை. ஓர் ஆண்டு எங்கள் உறவினர் ஒருவர் ஆயாவிடம் விதைநெல் வாங்கிப்போனார். நாற்றங்காலில் பாதி முளைக்கவில்லை. மிச்சமிருந்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தால் மணிக்கு மணி ஓட்டை.

நெல் போனது பெரிதல்ல. "தாலியறுத்தவ கை பட்ட நெல்லு எப்படி வெளங்கும்?" என்று அவர்கள் வீட்டில் ஒரு சொல் எழுந்தது. அது தெருவுக்கும் வந்தது. அன்றிலிருந்து ஆயா விதைநெல்லைத் தொடுவதில்லை. குதிரைத் திறக்க வேண்டுமென்றால் சின்னம்மாவைக் கூப்பிடுவார். நான் சிறுமியாக இருந்தபோது இதன் பொருள் எனக்குத் தெரியாது. தெரிந்தபோது அதை எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

வகைப்பாடு படித்த பிறகு ஒன்று புலப்பட்டது. அது எந்த அந்து என்பதில்தான் வழக்கே இருக்கிறது. இழை கட்டும் கார்சைராவாக இருந்தால் அது பெரும்பாலும் வீட்டிலும் கடையிலும் சேர்வது. காத்தவர் சரியாகக் காக்கவில்லை என்று சொல்ல இடமுண்டு. ஆனால் மணிக்குள் ஒரு புழு, வட்ட ஓட்டை, இழையே இல்லை என்றால் அது சைட்டோட்ரோகா. சைட்டோட்ரோகா களஞ்சியத்துக்காகக் காத்திருப்பதில்லை. வயலில் கதிர் முற்றும்போதே வந்து முட்டையிட்டுவிடும் என்று நூல்கள் கூறுகின்றன. அப்படியானால் அந்த நெல் ஆயாவின் கைக்கு வருமுன்பே புழுவோடுதான் வந்திருக்கவேண்டும்.

நூல் கூறுவதை வைத்து மட்டும் ஊரில் பேச முடியுமா? சென்ற சம்பா அறுவடைக்கு முன்நாள் சிற்றப்பாவின் வயலில் இறங்கினேன். நின்ற கதிர்களிலிருந்து நானே நெல்லை உருவி ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் இறுகக் கட்டினேன். அது களத்தையும் காணவில்லை, குதிரையும் காணவில்லை. ஆயாவின் கையும் அதில் படவில்லை. நேரே முத்தியால்பேட்டைக்குக் கொண்டுவந்து, நெல்லோ அரிசியோ இல்லாத அறையில், என் புத்தக அலமாரியில் வைத்தேன். வாரம் ஒன்று, இரண்டு, மூன்று போயிற்று. ஒன்றுமில்லை. ஆறாவது வாரம் ஒரு நாள் காலை, துணியின் அடிப்பக்கத்தில் வைக்கோல் நிறத்தில் மூன்று பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஒன்றைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் உருப்பெருக்கியில் பின்சிறகைப் பார்த்துவிட்டு, துடுப்பைப் பார்த்துவிட்டு, "சந்தேகமே இல்லை, சைட்டோட்ரோகாதான்" என்றார். அந்தச் சனிக்கிழமை புட்டியோடு பாகூருக்குப் போனேன். சிற்றப்பா, சின்னம்மா, அடுத்த வீட்டார் எல்லாரும் இருக்கும்போது, திண்ணையில் உட்கார்ந்து கதை முழுவதையும் சொன்னேன். சிற்றப்பா புட்டியை வெயிலில் உயர்த்தி வெகுநேரம் பார்த்தார். "அப்போ நம்ம கழனியிலேருந்தே வருதா?" என்றார். விதைநெல் வாங்கிப்போன உறவினர் வீட்டுக்கு அந்தப் புட்டியை அவரே எடுத்துப்போனார்.

ஆயா மட்டும் வியக்கவில்லை. "கதிருலயே வருதுன்னு எனக்குத் தெரியாதாடி? கதிரு நெறைய நாளு நின்னா அந்து வரும்னு எங்கம்மா சொல்லுவா. நான் சொன்னா யாரு கேட்டா? நீ காலேஜு போறவ, நீ சொல்லு" என்றார்.

அதைக் கேட்டு எனக்குப் பேச்சு வரவில்லை. ஒலிவியேயும் ஹைன்மனும் சொன்னதையெல்லாம் நான் கற்றுக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர்கள் எழுதாத பாதியை ஆயா தம் தாயிடம் கேட்டு அறிந்திருந்தார். அறிவு எங்கள் வீட்டில் இருந்தது. அதைச் சொல்ல ஒரு வாய்க்குத்தான் மதிப்பு இல்லாமல் இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

செய்யத்தக்கவை

அந்துவின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. குதிரில் அது பெருகுகிறது என்பதும் உண்மைதான். முற்றிய கதிரை வயலில் நாட்கணக்கில் நிற்கவிடாமல் அறுக்கவேண்டும். நெல்லை ஈரப்பதம் 12 விழுக்காடு அளவுக்கு வரும்வரை நன்றாகக் காயவைக்கவேண்டும். பூச்சி புகாத கலத்தில் வாய் நிரம்பக் கொட்டி மூடவேண்டும். அந்துவின் உடல் மென்மையானது. குவித்த நெல்லுக்குள் அது ஆழமாகப் புக முடியாது. சேதமெல்லாம் பெரும்பாலும் மேல்மட்டத்தில்தான். நம் வீட்டுப் பெண்கள் வேப்பிலையை மேலே பரப்பியது காரணத்தோடுதான். சாப்பாட்டு நெல்லை அவித்துப் புழுங்கலாக்கும்போது உள்ளிருக்கும் முட்டையும் புழுவும் செத்துவிடும். ஆங்கூமுவா அறிஞர்கள் அடுப்பில் செய்ததை நம் அவியல் கொப்பரை செய்கிறது. விதைநெல்லை மட்டும் அவிக்க முடியாது. எனவே அந்துவுக்கு அஞ்சவேண்டியவர்கள் விதை காப்பவர்களே.

அந்துவால் ஒரு நன்மையும் உண்டு. பயிர்ப் புழுக்களின் முட்டைகளை அழிக்கும் ட்ரைக்கோகிரம்மா என்ற குளவியைச் செயற்கையாகப் பெருக்குவதற்கு, உலகின் பல நாடுகளில் இந்த அந்துவின் முட்டைகளைத்தான் உணவாக வைக்கிறார்கள். நம் நாட்டில் அதற்குப் பெரும்பாலும் கார்சைராவின் முட்டை பயன்படுகிறது. கரும்பு வயலில் கட்டும் ஒட்டுண்ணி அட்டையில் மணல்போல் ஒட்டியிருப்பது அந்த முட்டைகளே. வீட்டில் பகைவனாக இருப்பது வயலில் நண்பனுக்குச் சோறாகிறது.

நம் துறையின் கண்ணாடிப் பெட்டிகளில் பெரிய பெரிய வண்ணத்துப்பூச்சிகள் ஊசியில் நிற்கின்றன. அந்து ஒன்றுகூட இல்லை. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் மண்ணாடிப்பட்டிலிருந்தும் பேருந்தில் வரும் நண்பர்களை ஒன்று வேண்டுகிறேன். அடுத்த அறுவடையின்போது ஒவ்வொருவரும் ஒரு புட்டி கட்டுங்கள். எந்தெந்த ஊர்க் கதிரில் அந்து வருகிறது, எத்தனை நாள் நின்ற கதிரில் அதிகம் வருகிறது என்று நாமே எழுதிவைக்கலாம். ஆயாவின் தாய் சொன்னது எவ்வளவு தூரம் சரி என்பதும் தெரிந்துவிடும்.

முதல் பூச்சியை நான் கொடுத்துவிட்டேன். பேராசிரியரின் அனுமதியோடு அதன் கீழே ஒட்டிய சீட்டைத் தமிழில் எழுதியிருக்கிறேன்: நெல் அந்து. சைட்டோட்ரோகா சீரியலெல்லா (ஒலிவியே, 1789). குடும்பம் ஜெலிக்கிடே. கிடைத்த இடம்: பாகூர். கிடைத்த பொருள்: வயலில் நின்ற நெற்கதிர்.